கயிற்றை அவிழ்த்தது யார்?

"தர்மம் பற்றி ஏதாவது எழுதுங்க தம்பி" என்று இதழ்க் குழுவில் இருந்து கேட்டார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவனுக்குத் தர்மத்தைப் பற்றி என்ன தெரியும்? சூத்திரம் கொடுத்தால் கணக்குப் போடுவேன், அவ்வளவுதான். ஆனாலும் மறுக்கவில்லை. காரணம், ஒரு கேள்வி ஏழு வருடமாக என் கூடவே வருகிறது. அதில் ஒரு நாய் இருக்கிறது, ஒரு காட்டுப்பன்றி இருக்கிறது, நான் சொன்ன ஒரு பொய்யும் இருக்கிறது.

கேள்வி இதுதான்: ஒரு கொலையை நம் கையால் செய்யாமல் இன்னொரு உயிரை ஏவிச் செய்தால், அது யார் கணக்கில் சேரும்?

எங்கள் மாமாவுக்கு நெகிரி செம்பிலானில், ஜெலெபு பக்கம் ஐந்து ஏக்கர் செம்பனை இருக்கிறது. தோட்டத்தில் பால் வெட்டி, அப்புறம் குலை வெட்டி, முப்பது வருடம் சேர்த்த காசில் வாங்கிய நிலம். நான் மூன்றாம் படிவம் முடித்த வருடம், பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நட்டிருந்தார். சின்னக் கன்றுதான் காட்டுப்பன்றிக்கு ரொம்பப் பிடிக்கும். மூக்கால் அடியைத் தோண்டிக் கன்றைச் சாய்த்துவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போகும். ஒரே ராத்திரியில் முப்பது கன்று போயிற்று. மறுநாள் காலையில் மாமா பசியாறாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் வேட்டைக்குப் போனோம். பக்கத்துத் தோட்டத்துச் சீனர் ஒருவர் வந்தார். நாங்கள் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் துப்பாக்கியும் இருந்தது, வனவிலங்குத் துறை கொடுத்த உரிமமும் இருந்தது. மாமாவிடம் மூன்று நாய்கள். ஜிம்மி கிழவன், ஆனால் மூக்கு பயங்கரம். மணி நடுத்தர வயது. வெள்ளைக்கு ஒன்றரை வயதுதான். அதன் கயிற்றை என் கையில் கொடுத்து மாமா சொன்னார்: "இத விட்றாத. நான் சொல்ற வரைக்கும் கையிலயே இருக்கணும். இது இன்னும் பழகல."

ஜிம்மிதான் முதலில் வாடை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் ஓடைப் பக்கம் குரைப்புச் சத்தம், கூடவே மணியின் குரலும். அந்த இரண்டும் பன்றியைக் கடிக்காது. சுற்றி நின்று குரைத்துக் குரைத்து அதை ஓரிடத்திலேயே நிறுத்தி வைக்கும். பன்றி ஒரு பக்கம் பாய்ந்தால் இந்தப் பக்கம் இருக்கிற நாய் பின்னால் போய்க் குரைக்கும். ஆள் போய்ச் சேரும்வரை அதுதான் வேலை. அங்கிளும் மாமாவும் குனிந்து குனிந்து முன்னால் போனார்கள். நான் பின்னால் நின்றேன்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது. வெள்ளை என் கையில் துடித்தது. எனக்கும் அதே துடிப்பு. எல்லாரும் ஏதோ செய்கிறார்கள், நான் மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனே என்று இருந்தது. பதினைந்து வயது. முடிச்சை அவிழ்த்தேன்.

வெள்ளைக்குச் சுற்றி நின்று குரைக்கத் தெரியாது. நேராகப் போய்ப் பன்றியின் காதைப் பிடித்தது. நாய் மேலேயே இருந்ததால் அங்கிளால் சுட முடியவில்லை. பன்றி ஒருமுறைதான் தலையைத் திருப்பியது. அதன் தேற்றைப் பல் என் நடுவிரல் நீளம் இருக்கும்.

அப்புறம் வெடிச்சத்தம் கேட்டது, பன்றி விழுந்தது. மாமா சட்டையைக் கழற்றி வெள்ளையின் வயிற்றைக் கட்டினார். மோட்டாரில் என் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். தார்ச் சடக்கு வருவதற்குள் அதன் மூச்சு நின்றுவிட்டது.

"எப்படிடா போச்சு இது?" என்று மாமா கேட்டார்.

"தானா அவுத்துக்கிட்டு ஓடிடுச்சு மாமா" என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுப் பின்னால் பலாமரத்தடியில் புதைத்தார். அன்றிலிருந்து நான் இறைச்சி சாப்பிடவில்லை. அத்தை கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "எங்க பிள்ளைக்கு இந்த வயசுலயே எவ்வளவு பக்தி பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. ஒரு பொய் கெட்ட பெயரில் இருந்து என்னைக் காப்பாற்றியது. நல்ல பெயரையும் சேர்த்தே வாங்கிக் கொடுத்தது.

நண்பர்களே, இனி கேள்விக்கு வருவோம்.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்பது நம் எல்லாருக்கும் தெரிந்த பழமொழி. அம்புக்கு மனம் கிடையாது, அதனால் குற்றம் எய்தவனுக்கு. இதில் சிக்கல் இல்லை. ஆனால் நாய் அம்பு மாதிரி இல்லையே. அதற்கு ஆசை இருக்கிறது, பயம் இருக்கிறது, அதுவே முடிவும் எடுக்கிறது. அங்கேதான் மனிதனுக்கு ஒரு வசதி கிடைக்கிறது. "நான் செய்யவில்லை, நாய் செய்தது" என்று சொல்லிவிடலாம். என் பொய்யும் அந்த வசதியில் பிறந்ததுதான்.

இந்த வசதியை யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால், உலகத்தில் நாயை வைத்து ஆடும் வேட்டை முறைகள் எல்லாம் வரிசையாகப் பிரிந்து நிற்கின்றன. கொஞ்ச நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் வகையில் நாய் உதவிக்கு மட்டும்தான். ஐரோப்பாவில் பறவை வேட்டைக்கு வளர்த்த பாயிண்டர் நாய், பறவை இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்ததும் அசையாமல் நின்று காட்டும். ரிட்ரீவர் வகை, சுடப்பட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வரும். கொல்வது மனிதன் மட்டும்.

இரண்டாவது, ஜிம்மியும் மணியும் செய்தது. நாய் விலங்கை வளைத்து நிறுத்தும், மனிதன் வந்து முடிப்பான். நம் நாட்டுப் பூர்வகுடி மக்களும் நாய்களோடு ஈட்டி எடுத்துப் பன்றி வேட்டைக்குப் போனவர்கள்தான். குரங்கு, அணில், பறவை என்றால் ஊதுகுழலும் நச்சு அம்பும். பன்றி என்றால் நாயும் ஈட்டியும்.

மூன்றாவது, பிடி நாய். நியூசிலாந்தில் பன்றி வேட்டைக்காரர்கள் நாய்களையே இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: தேடிக் கண்டுபிடிப்பது ஒன்று, குரைத்து நிறுத்துவது ஒன்று, கடித்துப் பிடிப்பது ஒன்று. பிடி நாய் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஆள் போய்க் கத்தியால் குத்துவார். பன்றியின் பல்லில் இருந்து காப்பாற்ற நாய்க்கு மார்புக் கவசம் போடுகிறார்கள். எங்கே போகிறது என்று பார்க்கக் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டையும் கட்டுகிறார்கள். அந்தக் கவசத்தின் படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதற்கு இருந்த ஒரே கவசம் என் கையில் இருந்த கயிறு.

நான்காவது வகையில் நாயே துரத்தும், நாயே கொல்லும், மனிதன் பார்ப்பான். தமிழ்நாட்டின் கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்துத் துரத்தி முயல் பிடிக்க வளர்க்கப்பட்டவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்குத் தடை வந்துவிட்டது. இங்கிலாந்தில் குதிரையில் ஏறி, பெரிய நாய்க்கூட்டத்தை விட்டு நரியைத் துரத்தும் வழக்கம் நூற்றாண்டுகளாக இருந்தது. பல வருட விவாதத்துக்குப் பிறகு 2004இல் சட்டம் இயற்றி, 2005 பிப்ரவரியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்குத் தடை போட்டார்கள். நரி கோழியைத் தின்கிறது என்று ஒரு காரணம் சொன்னாலும், அத்தனை குதிரைகளும் சிவப்புக் கோட்டும் கோழிக்காகவா? அங்கே நாயின் பசியும் இல்லை, மனிதனின் பசியும் இல்லை.

இப்படி வரிசைப்படுத்தியபோது எனக்கு ஒன்று தோன்றியது. நாய் எத்தனை கடிக்கிறது என்பதைவிட, மனிதன் எவ்வளவு கிட்டே நிற்கிறான் என்பதுதான் முக்கியம். கிட்டே நிற்பவனுக்குத்தான் எப்போது நிறுத்துவது என்று தெரியும். குட்டிப் பன்றி என்றால் நாயைக் கூப்பிட்டு விட்டுவிடலாம். அடிபட்டது என்றால் சீக்கிரம் முடித்துவிடலாம். தூரம் கூடக் கூட வலி நீளுகிறது, பொறுப்பு மட்டும் சுருங்குகிறது.

இந்த வரிசையின் கடைசியில் நாயே கிடையாது. கம்பிக் கண்ணி வந்துவிடுகிறது. நிறைய பேர் நாய் வேட்டையைக் கொடுமை என்பார்கள். கண்ணியைப் பற்றிப் பேசமாட்டார்கள், ஏனென்றால் அதில் சத்தம் இல்லை, ரத்தம் கண்ணில் படுவதில்லை. சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி ஒன்றைச் சுருக்குப் போட்டுக் கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுவான். மாட்டிய விலங்கு நாள்கணக்கில் கால் அழுகிக் கிடக்கும். எது மாட்டுகிறது என்று கம்பிக்குத் தெரியாது. பன்றிக்கு வைத்ததில் மானும் மாட்டும், பாதுகாக்கப்பட்ட தாப்பிரும் மாட்டும், புலியும் மாட்டும். 2016 முதல் 2020 வரை எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி தீபகற்பத்தில் மிச்சம் இருக்கிற மலாயாப் புலி 150க்கும் குறைவு. கண்ணி அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் கண்ணிக்குத் தடையே இருக்கிறது. என் பார்வையில் "நான் இல்லை" என்று சொல்வதற்காகவே செய்த கருவி மாதிரி அது.

நம் புராணத்தில் இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று இருக்கிறது. அர்ச்சுனன் தவம் இருக்கிறான். மூகன் என்ற அசுரன் பன்றி உருவத்தில் அவனைக் கொல்ல வருகிறான். சிவபெருமான் வேடனாக வருகிறார். இருவர் அம்பும் ஒரே நேரத்தில் பன்றியில் பாய்கிறது. உடனே சண்டை: என் அம்புதான் கொன்றது, இல்லை என் அம்புதான். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது, ஒரு பன்றிக்கு இவ்வளவு சண்டையா என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. அங்கே இருவரும் "நான் செய்தேன்" என்று சொல்லத்தான் சண்டை போட்டார்கள். நாமோ "நான் செய்யவில்லை" என்று சொல்லத்தான் சண்டை போடுகிறோம்.

சரி, அப்படியென்றால் கொல்லாமையே தர்மம், வேட்டையை மொத்தமாக விட்டுவிட்டால் கேள்வியே தீர்ந்தது என்று சிலர் சொல்லலாம். திருவள்ளுவர் கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வைத்திருக்கிறாரே. நானும் அந்தப் பக்கம்தான் நிற்க ஆசைப்படுகிறேன். ஆனால் நேர்மையாக நிற்க முடிகிறதா?

என் தட்டில் இறைச்சி இல்லை. ஆனால் அம்மா அப்பளம் பொரிப்பது பாமாயிலில். அந்த எண்ணெய் வந்த மரம் கன்றாக இருந்தபோது அதைப் பன்றியிடம் இருந்து யாரோ காப்பாற்றியிருப்பார்கள். எப்படிக் காப்பாற்றினார்கள் என்று நான் கேட்டதில்லை. மாமா நிலத்துக்குக் கொஞ்ச தூரத்தில்தான் பாசோ வனக்காப்பகம் இருக்கிறது. அங்கே நடந்த ஓர் ஆய்வில், 1996இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 காட்டுப்பன்றி என்று கணக்கு வந்தது. காட்டுக்கு அது மிக அதிகம். துரத்தித் தின்ன புலி அங்கே இல்லை. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் வருடம் முழுக்கக் கிடைக்கிறது. குட்டி போடும் பன்றி கூடு கட்டுவதற்காகக் காட்டின் இளமரங்களை ஒடித்துப் போடுகிறது, அதனால் காடும் கெடுகிறது. பன்றியைப் பெருக்கியது நாம். அப்புறம் பன்றியைத் தொல்லை என்று சொல்வதும் நாம்.

மகாபாரத வனபர்வத்தில் தர்மவியாதர் கதை வரும். மிதிலையில் இறைச்சிக் கடை வைத்திருந்தவர். கௌசிகன் என்ற அந்தணர் தர்மம் கேட்க அவரிடம் போகிறார். தர்மவியாதர் விற்றது பன்றி, எருமை இறைச்சி. தான் கொல்வதில்லை, மற்றவர் கொன்றதை விற்கிறேன், தான் தின்பதும் இல்லை என்கிறார். இந்த இடத்தில் நாம் என்றால் நிறுத்திக்கொள்வோம். "நான் கொல்லல, நான் தின்னல" என்றால் அதோடு வழக்கு முடிந்தது. அவர் அப்படி நிறுத்தவில்லை. நான் செய்யும் தொழில் கொடியதுதான், சந்தேகமே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். உழுகிற ஏர் மண்ணுக்குள் எத்தனை உயிரைக் கொல்கிறது என்றும் கேட்கிறார். கொலையே படாத கை ஒன்று இருக்கிறது என்று அவர் நமக்கு நம்பிக்கை கொடுக்கவில்லை. ஆனால் எல்லாரும்தானே கொல்கிறோம், போகட்டும் என்றும் விடவில்லை. தன் பங்கு எவ்வளவு என்று பார்த்து, அதைத் தன் வாயால் சொன்னார்.

இதில் இருந்து நான் எடுத்துக்கொண்டது மூன்று. தேவை இல்லாமல் ஏவாதே. முப்பது கன்று போனவனின் தேவையும் பொழுதுபோக்குக்குத் துரத்துகிறவனின் தேவையும் ஒன்று ஆகாது. ஏவினால் கிட்டே நில், முடிவை நீயே பார். கடைசியாக, ஏவப்பட்ட உயிருக்கு நீ கடன்காரன்.

இந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம். நாய் பன்றி மேல் இருக்கிற கோபத்தில் ஓடவில்லை. நாம் சொன்னோம் என்று ஓடுகிறது. தருமர் சொர்க்க வாசலில் நின்றபோது, நாயை விட்டுவிட்டு வா என்று இந்திரன் கூப்பிட்டான். தம்பிகளும் திரௌபதியும் வழியிலேயே விழுந்துவிட்டார்கள், கடைசிவரை கூட வந்தது அந்த நாய் மட்டும்தான். என்னை நம்பி வந்ததை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார் தருமர். அந்த நாய் தர்மதேவதையாக இருந்தது என்பது அப்புறம்தான் தெரியும். அவர் சொன்னபோது அது வெறும் நாய். நான் வெள்ளையை விட்டதோடு நிற்கவில்லை. செத்த பிறகும் பழியை அதன் மேலேயே போட்டேன்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது யார் வேட்டைக்குப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். என் படிப்பே இதில்தான் வந்து நிற்கிறது. இறுதியாண்டுத் திட்டத்துக்குக் காட்டுப்பன்றிக் கூண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கேமரா பார்க்கும், உள்ளே வந்தது பன்றி என்று கணினி முடிவு செய்தால் கதவு தானாக விழும். மாமா மாதிரி சிறு தோட்டக்காரர்களுக்கு ஆகும் என்று நினைத்தேன். வரைபடத்தைப் பார்த்த விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கதவு விழுந்த பிறகு உள்ளே என்ன இருக்குன்னு யார் போய்ப் பார்ப்பாங்க? எவ்வளவு நேரத்துல?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் செய்து வைத்திருந்தது விலை கூடின கம்பிக் கண்ணி. கணினி தாப்பிர்க் குட்டியைப் பன்றி என்று நினைத்துக்கொண்டால்? "சிஸ்டம் தானா மூடிடுச்சு சார்" என்று சொல்வேனா? "தானா அவுத்துக்கிட்டு ஓடிடுச்சு மாமா" என்ற அதே வாக்கியம், ஏழு வருடம் கழித்து, வேறு உடையில்.

நம்மில் பல பேர் நாளைக்குத் தானாக ஓடும் கார், தானாகக் கடன் மறுக்கும் மென்பொருள், தானாகக் குறிபார்க்கும் கருவி என்று ஏதாவது செய்யப்போகிறோம். எல்லாவற்றிலும் ஒரு கயிறு இருக்கிறது. அதைப் பிடித்திருப்பதும் அவிழ்ப்பதும் நாம்தான். என் கூண்டில் இப்போது வடிவமைப்பை மாற்றிவிட்டேன். கேமரா தோட்டக்காரர் கைப்பேசிக்குப் படம் அனுப்பும். அவர் பார்த்துவிட்டு அழுத்தினால்தான் கதவு விழும். அழுத்தியவர் பெயரும் நேரமும் பதிவாகும். வேகம் குறையும், மதிப்பெண்ணும் குறையலாம். பரவாயில்லை.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போன் போட்டேன். நலம் விசாரித்து, மழை விசாரித்து, குலை விலை விசாரித்து, கடைசியில் சொல்லிவிட்டேன். "மாமா, அன்னிக்கு வெள்ளை தானா ஓடல. நான்தான் அவுத்து விட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"தெரியும்டா" என்றார். "கயிறு அறுந்திருக்கல. கழுத்துல இருந்தும் உருவல. முடிச்சு அவுத்த மாதிரி இருந்துச்சு. நாய்க்கு முடிச்சு அவுக்கத் தெரியுமா?"

"அப்பவே ஏன் மாமா கேக்கல?"

"பதினஞ்சு வயசுப் பையன் கையில கயித்தக் கொடுத்தது நான். அதையும் யோசிச்சேன்" என்றார். "அதுக்கப்புறம் நான் நாய விடல. வேலி போட்டுட்டேன், கரண்டு வேலி. காசு கொஞ்சம் கூடத்தான்."

ஏழு வருடமாக நான் மறைத்த பங்கை, அவர் தன் பங்காக எடுத்து வைத்திருந்தார். இனி அதில் என் பாதியை நான் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பலாமரத்தடிக்கு முதலில் போவேன். அத்தையிடமும் உண்மையைச் சொல்ல வேண்டும்.